கனி காக்கும் பச்சிலை: தாவரப் பூஞ்சைக்கொல்லிகளின் வரலாறு

மரத்திலிருந்து பறித்த பின்னும் கனி மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நீரை இழக்கிறது, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது, மணம் சேர்க்கிறது. ஆனால் வேரிலிருந்தும் இலையிலிருந்தும் வந்த வரவு நின்றுவிட்டதால், பட்ட காயத்தை ஆற்றிக்கொள்ளும் வலு நாளுக்கு நாள் குறைகிறது. கூடையில் உரசிய கீறலும் காம்பு ஒடிந்த வாயும் காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகளுக்கு நுழைவாயில் ஆகின்றன. கனிச்சாறு பெரும்பாலும் புளிப்பு என்பதால் பாக்டீரியாக்கள் அதில் எளிதில் பெருகுவதில்லை. பூஞ்சைகளோ அந்தப் புளிப்பிலேயே செழிக்கின்றன. கிடங்கிலும் லாரியிலும் சந்தையிலும் பழம் அழுகுவதற்குப் பெருங்காரணம் அவைதான்.

ஒவ்வொரு விளைச்சலுக்கும் அதற்கென்று ஒரு பகை உண்டு. ஆரஞ்சிலும் எலுமிச்சையிலும் பச்சையாகவும் நீலமாகவும் படரும் பூசணங்கள் பெனிசிலியம் இனத்தைச் சேர்ந்தவை. திராட்சைக் குலையையும் ஸ்ட்ராபெர்ரியையும் சாம்பல் நிறப் போர்வையாக மூடுவது பொட்ரைடிஸ். மாம்பழத்தில் கரும்புள்ளிகளாகத் தொடங்கிக் குழிவிழும் ஆந்த்ராக்னோஸ் நோய்க்குக் காரணம் கொலிட்டோட்ரிக்கம். வாழைப்பழத்தையும் அதே இனத்தின் வேறொரு வகை தாக்குகிறது. வெங்காயச் சருகுக்கு அடியில் கரித்தூள்போல் படிந்திருப்பது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர். அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பத்துக்கான லூதியானா மத்திய ஆய்வு நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் காய்கனி இழப்பு விளைச்சலைப் பொறுத்து 4.58 விழுக்காட்டிலிருந்து 15.88 விழுக்காடு வரை இருக்கிறது. அந்தப் பட்டியலில் மிகுதியாக இழக்கப்படுவது கொய்யா. நசுங்கல், வாடல், அழுகல் எல்லாம் சேர்ந்த கணக்கு இது.

இந்த இழப்பைத் தடுக்க மனிதர் தேடிய மருந்துகளுள் மிகப் பழையவை இலை, விதை, பட்டை, எண்ணெய் ஆகியவையே. ஓடவோ ஒளியவோ முடியாத செடி, தன்னைத் தின்ன வரும் பூஞ்சையை வேதிப்பொருள் கொண்டே எதிர்க்கிறது. அந்தப் பொருளைச் செடியிடமிருந்து கடன் வாங்கியதும், இடையில் மறந்ததும், மீண்டும் தேடிப் போனதும்தான் தாவரப் பூஞ்சைக்கொல்லிகளின் வரலாறு.

பழைய கைப்பழக்கங்கள்

பூஞ்சை என்ற உயிரை அறியாத காலத்திலேயே அதற்கெதிரான மருந்துகள் புழக்கத்தில் இருந்தன. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியரான கேட்டோ எழுதிய வேளாண் நூல், ஆலிவ் எண்ணெய் பிழியும்போது தங்கும் கசப்பான கருஞ்சாற்றுக்குப் பல பயன்களைச் சொல்கிறது. அமுர்கா எனப்பட்ட அந்தச் சாற்றைக் களஞ்சியத்தின் தரையிலும் சுவரிலும் பூச வேண்டும்; உலர்ந்த அத்திப்பழம் கெடாமல் இருக்க, அதைக் காய்ச்சி மண்கலத்தில் தடவி அதில் பழத்தை வைக்க வேண்டும். ஆலிவின் கசப்புக்குக் காரணமான ஃபீனால் சேர்மங்களுக்கு நுண்ணுயிர்களை அடக்கும் ஆற்றல் உண்டென்பது பிற்கால வேதியியல் கண்டது.

இந்தியாவில் சுரபாலர் பெயரில் வழங்கும் வட மொழி நூலான விருட்சாயுர்வேதம் மரங்களின் நோய்களையும் அவற்றுக்கான சிகிச்சைகளையும் விவரிக்கிறது. வாய்விளங்கம், கடுகு, எள் முதலானவை அதில் பூச்சாகவும் புகையாகவும் திரும்பத் திரும்ப வருகின்றன. அதன் ஏட்டுப் பிரதி ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் இருந்தது. நளினி சாதலேயின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1996இல் வெளிவந்தது. நூலின் அக்கறை பறித்த கனியைவிட நிற்கும் மரத்தின்மீதுதான் என்றாலும், நோயைத் தீர்க்க இன்னொரு செடியை நாடும் எண்ணம் அதில் தெளிவாக இருக்கிறது.

தமிழர் வீடுகளில் இந்த எண்ணம் அடுக்களையில் குடிகொண்டது. அதற்கு மாவடு நல்ல சான்று. மாசி, பங்குனியில் காம்போடு பறித்த பிஞ்சு மாங்காயை விளக்கெண்ணெயில் புரட்டி, கல்லுப்பு, கடுகுப்பொடி, மஞ்சள், மிளகாய்ப்பொடி சேர்த்து ஜாடியில் போட்டுக் குலுக்கி வைப்பார்கள். உப்பு நீரை வெளியே இழுத்து வடுவைச் சுருங்க வைக்கிறது. விளக்கெண்ணெய் தோலின்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. பூஞ்சையைத் தடுப்பதில் கடுகின் பங்கு பெரிது. முழுக் கடுகுக்குக் காரம் இல்லை. அதனுள் சினிகிரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. கடுகை இடித்து ஈரம் பட்டதும் இரண்டும் கலந்து, மூக்கில் ஏறும் அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற ஆவி பிறக்கிறது. பூஞ்சைகளை அடக்குவதில் மிக வலிமையான தாவர ஆவிகளுள் அது ஒன்று. கடிபட்டால் மட்டும் வெடிக்கும்படி கடுகுச் செடி பூட்டி வைத்த ஆயுதத்தை, அம்மியும் உரலும் திறந்துவிட்டன. மூடிய ஜாடிக்குள் அந்த ஆவி தங்கி வேலை செய்தது. வட இந்தியாவிலும் வங்காளத்திலும் ஊறுகாயின் மேல் கடுகெண்ணெய் நிற்க ஊற்றும் வழக்கமும் காற்றைத் தடுத்துக் காரத்தைக் காக்கும் அதே நோக்கம் கொண்டது.

குதிரிலும் பத்தாயத்திலும் தானியத்தோடு வேப்பிலை, நொச்சி இலை போட்டு வைத்தது முதன்மையாகப் பூச்சிக்காக. இருந்தாலும் எந்த இலை எதைக் காக்கும் என்ற அறிவு இத்தகைய பழக்கங்களில்தான் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. அது ஏட்டில் ஏறாமல் கையோடு கையாக வந்த அறிவு என்பது பிற்காலத்தில் ஒரு வழக்கு மன்றம்வரை போயிற்று.

அழுகலின் காரணி தெரியவருதல்

பழம் தானாகவே அழுகுகிறது, அழுகியதில் பூசணம் பிறக்கிறது என்பதே நெடுங்கால நம்பிக்கை. பிரெஞ்சு மருத்துவர் கசிமீர் டவேன் 1866இல் அதைப் புரட்டிப் போட்டார். பூஞ்சை வித்தை நல்ல பழத்தின் காயத்தில் வைத்தால் அழுகல் தொடங்குகிறது என்று அவர் காட்டினார். பூசணம் அழுகலின் விளைவன்று, அதன் காரணம் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. ஜெர்மானியரான கார்ல் வேமர் ஆரஞ்சில் வரும் நீலப் பூசணத்துக்கு 1894இல் பெனிசிலியம் இட்டாலிக்கம் என்று பெயரிட்டார்.

இந்த அறிவு வணிகத்துக்குப் பயன்பட்டது கலிபோர்னியாவில். அங்கிருந்து ரயிலில் கிழக்குக் கடற்கரைக்குப் போன ஆரஞ்சு வழியிலேயே பெருமளவில் அழுகியது. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த ஜி. ஹெரால்ட் பவல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோப்பு முதல் ரயில் பெட்டி வரை பழத்தைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 1908இல் அறிக்கை வெளியிட்டார். பறிப்பவர்களின் கத்தரியும் நகமும் பெட்டியின் சிராயும் தோலில் ஏற்படுத்திய காயங்களே பச்சைப் பூசணத்துக்கு வழி என்பது அதன் முடிவு. கவனமாகப் பறித்த பழம் மருந்தே இல்லாமல் நன்றாகப் போய்ச் சேர்ந்தது. காயமே வாசல் என்ற இந்தப் பாடம் பின்னால் வந்த எல்லா மருந்துகளுக்கும் அடிப்படை ஆயிற்று.

அதே காலத்தில் நறுமண எண்ணெய்களும் ஆய்வுக்கூடத்துக்குள் வந்தன. பாஸ்டரின் உதவியாளர் சார்லஸ் சேம்பர்லாண்ட் 1887இல் பல செடிகளின் எண்ணெய்களை ஆந்த்ராக்ஸ் பாக்டீரியாவின்மீது சோதித்தார். வலிமை காட்டியவற்றுள் இலவங்கப்பட்டை எண்ணெயும் இருந்தது. மணப்பொருளாகவும் கைமருந்தாகவும் மட்டும் கருதப்பட்ட எண்ணெய், கிருமிக்கொல்லியாக அளந்து பார்க்கப்பட்ட தொடக்கக் காலச் சோதனைகளுள் அது ஒன்று.

தைமாலின் கதை இந்தியாவோடு பிணைந்தது. கஸ்பர் நியூமன் 1719இல் தைம் செடியின் எண்ணெயிலிருந்து பிரித்த அந்தப் படிகம் ஓம விதையில் நிறைய உண்டு. சித்த மருத்துவத்தில் ஓம உப்பு என வழங்குவது அதுவே. முதல் உலகப் போருக்கு முன் இந்திய ஓமத்தின் பெரும் பங்கு ஜெர்மனிக்குக் கப்பலேறி, அங்கே தைமாலாக வடிக்கப்பட்டு, உலகச் சந்தைக்குப் போனது. 1914இல் போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டுத் தைமாலுக்குத் தட்டுப்பாடு வந்தது; இந்தியாவிலேயே அதை வடிக்கும் முயற்சிகள் நடந்தன. அப்போது அது குடல் புழுவுக்கும் புண்ணுக்குமான மருந்து. பழத்தைக் காக்கும் பொருளாக அது மதிக்கப்பட இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின.

செடியின் சொந்தக் காப்பு

செடி எதைக் கொண்டு பூஞ்சையை எதிர்க்கிறது என்ற கேள்விக்கு முதல் தெளிவான விடை வெங்காயத்தில் கிடைத்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜே. சி. வாக்கர் ஒரு வேறுபாட்டை ஆராய்ந்தார். சேமித்த வெள்ளை வெங்காயத்தில் கரும்புள்ளி நோய் வருகிறது. சிவப்பு, மஞ்சள் வெங்காயங்கள் தப்புகின்றன. வேதியியலாளர் கார்ல் பால் லிங்குடன் சேர்ந்து 1929இல் அவர் நிறமுள்ள சருகிலிருந்து புரோட்டோகேட்டிக்குயிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். கேட்டிக்கால் என்ற இன்னொரு பொருள் அடுத்த சில ஆண்டுகளில் கிடைத்தது. இரண்டும் நீரில் கரைந்து, சருகின்மேல் விழும் வித்தை முளைக்கவிடாமல் செய்தன. நோயை எதிர்க்கும் ஆற்றல் ஒரு குறிப்பிட்ட சேர்மத்தில் இருக்கிறது என்று காட்டிய முன்னோடிச் சான்று இது. உரிக்காத வெங்காயம் நாள்பட நிற்கும், சருகு உதிர்ந்தது சீக்கிரம் கெடும் என்று எல்லா வீடுகளிலும் அறிந்திருந்ததற்கு வேதியியல் விளக்கம் கிடைத்தது.

சருகின் பொருள் முன்கூட்டியே சேர்த்து வைத்தது. தாக்குதல் வந்த பின் புதிதாக உண்டாக்கும் பொருளும் செடியிடம் உண்டு. ஜெர்மனியில் முல்லரும் போர்கரும் 1940இல் உருளைக்கிழங்கில் அதைக் கவனித்து, அத்தகைய பொருள்களுக்கு ஃபைட்டோஅலெக்சின் என்று பெயர் சூட்டினர். பின்னர் 1976இல், திராட்சைச் செடி பொட்ரைடிஸ் தாக்கும்போது ரெஸ்வெரட்ரால் என்ற பொருளை உண்டாக்குவது தெரியவந்தது. இதற்கிடையே 1944இல் செஸ்டர் கவல்லிட்டோ பூண்டிலிருந்து அல்லிசினைப் பிரித்திருந்தார். கடுகைப் போலவே பூண்டும் நசுக்கும்போதுதான் அதை உண்டாக்குகிறது.

மாங்காய் காட்டிய பாடம் இன்னும் நுட்பமானது. ஆந்த்ராக்னோஸ் பூஞ்சை மரத்தில் பிஞ்சாக இருக்கும்போதே மாங்காயின் தோலில் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் பழுக்கும்வரை அசையாமல் உறங்குகிறது. உறக்கத்துக்குக் காரணம் தோலில் உள்ள ரெசார்சினால் சேர்மங்கள். இஸ்ரேலின் வோல்கானி ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 1980களில் முதலில் அவகாடோவிலும் பிறகு மாங்காயிலும் இத்தகைய காப்புப் பொருள்கள் இருப்பதை எடுத்துக்காட்டினர். காய் பழுக்கப் பழுக்க அந்தச் சேர்மங்கள் குறைகின்றன; ஓர் அளவுக்குக் கீழே போனதும் பூஞ்சை விழித்துக்கொள்கிறது. இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நடந்த தொடர் ஆய்வுகள், மாவின வகைகளுக்கிடையே நோய் தாங்கும் திறன் வேறுபடுவதற்குத் தோலிலும் பாலிலும் உள்ள பூஞ்சை எதிர்ப்புப் பொருள்களின் அளவு ஒரு காரணம் என்று காட்டின. மாங்காயைக் காம்போடு பறிக்க வேண்டும் என்று தோட்டக்காரர்கள் வற்புறுத்துவது பால் வடிந்து தோலில் தழும்பு விழாமல் இருப்பதற்காக. அந்தப் பால் காய்க்குள்ளேயே தங்குவது காம்பு அழுகலுக்கு எதிரான காப்பும் ஆகிறது.

செயற்கை மருந்துகளின் காலம்

இந்த ஆய்வுகள் நடந்துகொண்டிருந்தபோது வணிகம் வேறு திசையில் போயிற்று. 1920களில் கலிபோர்னியப் பழப் பொட்டலக் கூடங்கள் ஆரஞ்சை வெங்காரக் கரைசலில் முக்கின. அடுத்த பத்தாண்டில் சோடியம் ஆர்த்தோஃபீனைல்ஃபீனேட் வந்தது. பைஃபீனைல் ஊறிய தாளில் பழத்தைச் சுற்றி அனுப்பும் முறை கடல் கடந்த வணிகத்தில் பரவியது. 1960களில் தையாபெண்டசோலும் 1968இல் பெனோமிலும் சந்தைக்கு வந்தன, அதன்பின் இமாசாலில். இவை மலிவானவை, மணமற்றவை, மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்பவை. கப்பலில் வாரக்கணக்கில் போகும் வாழையும் ஆரஞ்சும் உலகச் சரக்கானதில் குளிர்பதனத்தோடு இவற்றுக்கும் பங்கு உண்டு.

வலிமையின் காரணமே பலவீனமும் ஆயிற்று. தையாபெண்டசோலும் பெனோமிலும் பூஞ்சையின் உயிரணுவில் ஒரே ஒரு புரதத்தைக் குறிவைப்பவை. அந்தப் புரதத்தில் சிறு மாற்றம் ஏற்பட்ட பூஞ்சை தப்பிப் பிழைக்கிறது. மூடிய கூடத்தில் அதன் சந்ததியே பெருகுகிறது. 1970களின் தொடக்கத்திலேயே கலிபோர்னியக் கூடங்களில் தையாபெண்டசோலுக்கு அஞ்சாத பச்சைப் பூசணம் தென்பட்டது. பைஃபீனைலும் அதற்கு முன்பே அந்தக் கதியை அடைந்திருந்தது.

இரண்டாவது கவலை உண்பவரின் உடல்நலம். வயலில் தெளித்த மருந்து மழையிலும் வெயிலிலும் ஓரளவு அழியும். பறித்த பழத்தில் பூசிய மருந்து சாப்பாட்டு மேசைவரை வருகிறது. அமெரிக்க தேசிய ஆய்வுக் கழகம் 1987இல் வெளியிட்ட அறிக்கை, உணவில் எஞ்சும் பூச்சி, களை, பூஞ்சை மருந்துகளால் ஏற்படக்கூடிய புற்றுநோய் அபாயத்தில் பெரும் பங்கு பூஞ்சைக்கொல்லிகளுடையது என்று மதிப்பிட்டது. அதன்பின் பல மருந்துகளின் அனுமதி மறுபரிசீலனைக்கு வந்தது. பெனோமில் தயாரிப்பை அதன் உற்பத்தி நிறுவனம் 2001இல் நிறுத்திக்கொண்டது.

மீண்டும் செடியை நோக்கி

மாற்றுத் தேடலில் இந்தியத் தாவரவியலாளர்கள் முன்னணியில் இருந்தனர். கோரக்பூர் பல்கலைக்கழகத்தில் எஸ். என். தீட்சித் தலைமையிலான குழு 1970களிலிருந்தே சுற்றுவட்டாரச் செடிகளின் இலைகளை வடித்து, ஆவியாகும் எண்ணெயைப் பூஞ்சைகளின்மீது சோதித்து வந்தது. அங்கே பயின்ற என். கே. துபே இந்த ஆய்வைக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தார். தீட்சித் குழு 1995இல் வெளியிட்ட முடிவு பலர் கவனத்தை ஈர்த்தது. வரப்புகளில் களையாக மண்டும் அஜெரேட்டம் செடியின் எண்ணெய் கமலா ஆரஞ்சில் நீலப் பூசணத்தை அடக்கி, பழத்தின் ஆயுளை 30 நாள்வரை நீட்டியது. பிடுங்கி எறியும் களை பழத்துக்குக் காவலாக முடியும் என்பதே அதன் பெருமை.

அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர் சார்லஸ் வில்சனும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் 345 தாவரச் சாறுகளையும் 49 நறுமண எண்ணெய்களையும் பொட்ரைடிஸ் பூஞ்சையின்மீது சோதித்தனர். சாறுகளில் 13 மட்டுமே மிகுந்த வலிமை காட்டின. வெங்காயம், பூண்டு சேர்ந்த அல்லியம் இனமும் மிளகாய் இனமும் அவற்றில் முன்னே நின்றன. எண்ணெய்களில் பால்மரோசா புல், தைம், இலவங்க இலை, கிராம்பு நான்கும் முதலிடம் பெற்றன. தென்னாசிய அஞ்சறைப் பெட்டியின் பொருள்கள் ஆய்வுக்கூடத்தின் பட்டியலிலும் முன்வரிசையில் நின்றன.

இலங்கையில் களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைக்கெட்டிய பொருளை எடுத்துக்கொண்டனர். கறுவாவின் தாயகம் அத்தீவு. கறுவா எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் வாழைச் சீப்பின் அடிக்காம்பு அழுகலுக்குக் காரணமான பூஞ்சைகளைத் தடுப்பதை 2002இல் அவர்கள் வெளியிட்டனர். மறு ஆண்டில் சிட்ரனெல்லா புல், எலுமிச்சைப்புல், திருநீற்றுப்பச்சிலை ஆகியவற்றின் எண்ணெய்களை எம்புல் வாழைப்பழத்தில் தெளித்துப் பார்த்த முடிவுகள் வந்தன. இத்தாலியின் சார்டினியா தீவில் அங்கே காடாக வளரும் தைம் வகையின் எண்ணெயை ஆரஞ்சின்மீது ஆவியாகச் செலுத்தினர். காற்றழுத்தம் குறைந்த அறையில் ஆவி நன்றாகப் பரவி, அதே எண்ணெய் கூடுதலாக வேலை செய்தது. நெதர்லாந்தில் 1990களில் சீமைச் சோம்பிலிருந்து எடுத்த கார்வோன், உருளைக்கிழங்குக் கிடங்குகளில் முளைப்பதைத் தடுக்கும் வணிகப் பொருளாயிற்று. கிழங்கைத் தாக்கும் சில பூஞ்சைகளையும் அது அடக்கியது.

எண்ணெய் அல்லாத தாவரப் பொருள்களும் சேர்ந்தன. சோற்றுக்கற்றாழையின் கூழுக்குப் பூஞ்சை எதிர்ப்பு உண்டென்று இஸ்ரேலிய ஆய்வு 1995இல் காட்டியது. ஸ்பெயினின் மிகேல் ஹெர்னாண்டெஸ் பல்கலைக்கழகக் குழு 2005இல் அந்தக் கூழைத் திராட்சைக் குலைகளில் பூசி, 1 பாகை செல்சியஸ் குளிரில் வைத்தது. பூசாத குலை 7 நாளில் தரமிழந்தது; பூசியது 35 நாள்வரை நின்றது. கூழ் நீரிழப்பைத் தடுக்கும் படலமாகவும் பூஞ்சையைத் தடுக்கும் மருந்தாகவும் ஒருசேர இருந்தது. மாவடுவில் விளக்கெண்ணெயும் கடுகும் பகிர்ந்து செய்த இரு வேலைகளை இங்கே ஒரே பொருள் செய்தது.

வேம்பு வழக்கு

செடியின் மருந்துக்கு விலை கூடியபோது, அது யாருடையது என்ற கேள்வியும் எழுந்தது. அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் வேப்பெண்ணெயைக் கொண்டு செடிகளில் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்குக் காப்புரிமை கோரின. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் அதை வழங்கியது. 0.1 முதல் 10 விழுக்காடு வேப்பெண்ணெயை நீரில் குழம்பாக்கித் தெளிப்பது அதன் சாரம்.

வேப்பெண்ணெயின் வேதியியல் இந்தியாவில் ஏற்கெனவே நெடுந்தூரம் வந்திருந்தது. சலிமுஸ்ஸமான் சித்திக்கி 1942இலேயே அதிலிருந்து நிம்பின், நிம்பினின், நிம்பிடின் ஆகியவற்றைப் பிரித்திருந்தார். உழவர்களின் பயன்பாடோ அதைவிட மிகப் பழையது. 1995இல் சூழலியல் ஆர்வலர் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் கட்சியின் மக்தா ஆல்வூட், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பு ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து எதிர்ப்பு மனு அளித்தன. வாய்வழி மரபைச் சான்றாக ஏற்கச் செய்வது கடினம். வழக்கைத் திருப்பியது அபய் பட்கேயின் சாட்சியம். காப்புரிமை விண்ணப்பத்துக்குப் பல ஆண்டுகள் முன்பு, 1985, 1986 கோடைகளில், மகாராஷ்டிரத்தின் புனே, சாங்லி மாவட்ட வயல்களில் வேப்பெண்ணெய்க் குழம்பைப் பூஞ்சை நோய்க்கு எதிராகத் தெளித்துப் பார்த்ததை அவர் எடுத்துரைத்தார்.

2000ஆம் ஆண்டு மே மாதம் காப்புரிமை ரத்து செய்யப்பட்டது. மேல்முறையீடு 2005 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று. இத்தகைய வழக்குகள் புகட்டிய பாடத்தால், இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் 2001இல் மரபறிவு மின்நூலகத்தைத் தொடங்கி, ஏடுகளில் உள்ள மருந்து முறைகளைக் காப்புரிமை அலுவலகங்கள் படிக்கக்கூடிய மொழிகளில் தொகுக்கலாயிற்று. கையோடு கையாக வந்த அறிவும் அறிவுதான் என்பதை நிலைநாட்டியதில் வேம்பு வழக்குக்கு நிலையான இடம் உண்டு.

ஹெக்சனாலும் கிருஷ்ணகிரி மாந்தோப்புகளும்

புல் வெட்டும்போது எழும் பச்சை மணத்தில் ஹெக்சனால் என்ற ஆவி கலந்திருக்கிறது. இலையோ கனியோ காயம் பட்டால், அதன் கொழுப்பு அமிலங்கள் உடைந்து அது பிறக்கிறது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996இல் நறுக்கிய ஆப்பிளை ஹெக்சனால் ஆவியில் வைத்தனர். பூஞ்சை வளர்ச்சி நின்றது. ஆப்பிள் துண்டுகள் அந்த ஆவியை உறிஞ்சி மணப்பொருளாக மாற்றிக்கொண்டன. வேலை முடிந்ததும் உணவோடு கரைந்துவிடும் மருந்து அது.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் கோபிநாதன் பாலியத் ஹெக்சனாலின் இன்னொரு குணத்தைப் பயன்படுத்தினார். கனியின் உயிரணுச் சவ்வைச் சிதைக்கும் ஃபாஸ்போலிபேஸ் டி என்ற நொதியை அது அடக்குகிறது. அதனால் பழுத்துக் குழைவது தள்ளிப்போகிறது. இதன் அடிப்படையில் உருவான தெளிப்புக் கலவையைக் கனடா அரசின் நிதியுதவியுடன் 2012 முதல் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இலங்கையின் தொழில்நுட்ப நிறுவனமும் சோதித்தன. தமிழ்நாட்டில் களமாக அமைந்தது மாங்கூழ்த் தொழிலுக்குப் பெயர்பெற்ற கிருஷ்ணகிரி. அறுவடைக்கு 30 நாள் முன்பும் 15 நாள் முன்பும் தெளித்த மரங்களில் காய் கூடுதல் நாள் தங்கியது. எல்லாத் தோப்புகளும் ஒரே நேரத்தில் பறித்து விலையைச் சரியவிடும் நிலையில், அந்த அவகாசம் விவசாயிக்குப் பணமாகும். இரண்டாம் கட்டத்தில் கென்யா, தான்சானியா, டிரினிடாட் நாடுகளும் இத்திட்டத்தில் சேர்ந்தன.

செயல்படும் விதமும் எல்லைகளும்

தாவர எண்ணெய்களின் மூலக்கூறுகள் நீரை ஒதுக்கிக் கொழுப்போடு கலப்பவை. கிராம்பின் யூஜினால், ஓமத்தின் தைமால், பட்டையின் சின்னமால்டிஹைடு, எலுமிச்சைப்புல்லின் சிட்ரால் ஆகியவை பூஞ்சையின் உயிரணுச் சவ்வில் புகுந்து அதை ஓட்டையாக்குகின்றன. உள்ளிருக்கும் உப்பும் ஊட்டமும் கசிகின்றன. ஒரே எண்ணெயில் பல சேர்மங்கள் பல இடங்களைத் தாக்குவதால், ஒற்றைப் புரதத்தைக் குறிவைக்கும் மருந்தைப் போல இவற்றுக்குப் பூஞ்சை எளிதில் பழகுவதில்லை.

குறைகளும் உண்டு. கண்ணாடித் தட்டில் பூஞ்சையைக் கொல்லும் அளவு கனியின்மீது போதுவதில்லை. அளவைக் கூட்டினால் தோல் கருகுகிறது, தக்காளியில் கிராம்பு வாசம் ஏறுகிறது. எண்ணெய் விரைவில் ஆவியாகி ஓடிவிடுகிறது. மண், மழை, அறுவடைப் பருவம் மாறினால் ஒரே செடியின் எண்ணெயிலும் சேர்மங்களின் விகிதம் மாறுகிறது. செயற்கை மருந்தோடு ஒப்பிட்டால் விலையும் கூடுதல்.

இவற்றுக்கான தீர்வுகள் பெரும்பாலும் மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும் வழிகளே. ஜப்பானில் கடுகு, வசாபியின் ஆவியை உணவுப் பெட்டிக்குள் மெல்லக் கசியவிடும் சிறு பொட்டலங்கள் புழக்கத்தில் உள்ளன. பிரான்சில் ஆப்பிள் கிடங்குகளில் கிராம்பு எண்ணெயைச் சூடாக்கி மூடுபனியாகச் செலுத்துகின்றனர். எண்ணெயை நுண்துளிகளாக உடைத்து உண்ணத்தக்க பூச்சுகளில் கலப்பது இன்னொரு வழி. திராட்சையின் சாம்பல் பூசணத்துக்கு எதிராக யூஜினால், ஜெரானியால், தைமால் மூன்றையும் ஈஸ்ட்டின் வெற்று உயிரணுச் சுவர்களுக்குள் அடைத்த தயாரிப்பு ஒன்று உண்டு. ஈரம் பட்டால் அது மருந்தை வெளிவிடும். அந்த மூன்று பொருள்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் அனுமதி அளித்தது. அமெரிக்கா 1996இலேயே கிராம்பு, இலவங்கப்பட்டை, தைம் முதலான எண்ணெய்களைக் குறைந்த அபாயம் உள்ளவை என வகைப்படுத்தி, பதிவு விதிகளிலிருந்து விலக்கியிருந்தது.

பொருளைப் பூட்டி வைத்து, தேவைப்படும்போது மட்டும், காயம் பட்ட இடத்தில் மட்டும் திறப்பது கடுகு விதையும் பூண்டும் நெடுங்காலமாகச் செய்துவருவது. சரியான சேர்மத்தைக் கண்டறிவதில் 20ஆம் நூற்றாண்டு வெற்றி கண்டது. அதைச் செடியைப் போலவே அளவோடும் இடமறிந்தும் வெளிவிடும் நுட்பத்தில்தான் இத்துறையின் இன்றைய உழைப்பு குவிந்திருக்கிறது.